வெண்டால் அவன்ரை கை, தோத்தால் என்ரை மண்

மைதானம் பார்க்கிற வேலை எப்பிடியெண்டால், அணி வெண்ட நாள் உங்களை ஒருத்தரும் தேடமாட்டினம், தோத்த நாள் எல்லாரும் சப்பாத்துக் காலோடை உங்களிட்டைத்தான் வருவினம். ரெஸ்ரோறன்ற் குசினியிலை நிண்டவையளுக்கும் ஆஸ்பத்திரியிலை வார்ட் துடைச்சவையளுக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் எல்லாம் ஒரே சாதி வேலைக்காரர்தானே.

நான் மோர்டன் பக்கத்திலை ஒரு பேஸ்போல் அணியின்ரை மைதானத்தைப் பத்து வருசம் பார்த்தனான். லண்டனிலை பேஸ்போலோ எண்டு சிரிக்காதேங்கோ. மெத்தை வித்துக் காசு சேர்த்த ஒரு வெள்ளைக்காரன், அமெரிக்காவுக்கு ஒருக்காப் போய் ஒரு ஆட்டத்தைப் பார்த்துப்போட்டு, திரும்பி வந்து சம்பளத்துக்கு ஆள் பிடிச்சுத் தொடங்கின அணி. கவுன்சில் பூங்காவிலை ஒரு துண்டைப் பத்து வருசக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டான். அணிக்குக் கொக்குகள் எண்டு பெயர். அவனை நான் மெத்தைக்காரன் எண்டே சொல்லுறன், அவன்ரை பெயரைச் சொன்னால் எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வரும். இங்கிலீசிலை கதைச்சதுகளைத் தமிழிலை போட்டிருக்கிறன், கெட்ட சொல்லுகளை மட்டும் எடுத்துப்போட்டன்.

முதல் நாள்

மன்னாரிலை பள்ளிக்கூடக் கிரிக்கெட் மைதானத்துக்கு உருளை இழுத்தவன் நான், ஊர் ஆக்களுக்கு அருள், இஞ்சை வேலையிலை ராஜ். அதைச் சொல்லித்தான் இந்த வேலையை எடுத்தனான். முதல் நாள் வேலிப் பூட்டின்ரை திறப்பைக் கையிலை தந்து, "மைதானத்தை ஆயத்தமாக்கு" எண்டு சொல்லிப்போட்டு எல்லாரும் போயிட்டினம். சுத்திப் பார்த்தன். புல்லு நல்ல வடிவு. ஆனால் சரி நடுவிலை ஒரு மண்மேடு, ஆரோ குப்பை தாட்ட மாதிரி. கிரிக்கெட்டிலை நடுவிலை ஒரு சின்னக் கட்டி கிடந்தாலே பந்து அடிக்கிறவன்ரை மூஞ்சிக்கு எகிறும். பகல் முழுக்க வெட்டி, தண்ணி விட்டு, உருளை இழுத்து, அந்த இடத்தைச் சீமெந்து நிலம் மாதிரி மட்டமாக்கினன்.

பின்னேரம் டெரெக் வந்தார். அவர்தான் அணியின்ரை பயிற்சியாளர். மட்டமாக்கின இடத்தைப் பார்த்துப்போட்டு விளக்கம் சொன்னார். பேஸ்போலிலை பந்து எறியிறவன் நிண்டு எறியிறதுக்கெண்டே நடுவிலை களிமண்ணாலை மேடு கட்டுவினமாம். உயரமும் சரிவும் கொஞ்சமும் பிசகக் கூடாதாம். ஏன், இதைக் காலமை திறப்புத் தரேக்கை சொல்ல வாய் இருக்கேல்லையோ? எனக்கு வந்த கோவத்துக்குக் கேட்டிருப்பன், ஆனால் அவரின்ரை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு நிண்டன். தொப்பியைக் கழட்டி நெஞ்சிலை வைச்சுக்கொண்டு டெரெக் சொன்னார்: "ராஜ், தென்லண்டனிலை எங்களுக்கெண்டு இருந்த ஒரே மலையை நீ இடிச்சுப்போட்டாய்."

பீடம்

இடிச்சவனே கட்டு எண்டு விட்டினம். டெரெக் பக்கத்திலை நிண்டு சொல்லச் சொல்ல, களிமண்ணை நனைச்சு, ஒவ்வொரு படையா அடிச்சு இறுக்கி, என்ரை கையாலை அந்த மேட்டைத் திரும்பக் கட்டினன். இடுப்பு விட்டுப்போச்சு. அதுக்குப் பிறகு அது என்ரை மேடு. ஆரும் சும்மா ஏறினால் எனக்கு வயிறு எரியும்.

டூட்டிங்கிலை பலசரக்குக் கடை வைச்சிருக்கிற ஞானம் அண்ணை எங்கட ஊர் ஆள். எங்கட கோயில் பங்கிலை மாதா திருவிழாவுக்கு அவர்தான் தலைவர். ஒரு நாள் வேலிப் படலை திறந்து கிடந்ததைப் பார்த்துப்போட்டு, அளவு நாடாவோடை உள்ளுக்கு வந்து, செருப்புக் காலோடை என்ரை மேட்டிலை ஏறி நிக்கிறார். "மாதா சொரூபத்தை வைக்க ஒரு பீடம் தேடி நாயா அலையிறம், நீ கட்டியே வைச்சிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லேல்லையே" எண்டு எனக்கே பேச்சு. இது எறியிறவன் நிக்கிற இடம், இறங்குங்கோ அண்ணை எண்டு நான் கத்தினன். இறங்கினார். இறங்கினவர் வேலியடியிலை நிண்டு, ரோட்டிலை போறவைக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னார்: "எங்கட மாதாவை விட உன்ரை பந்து எறியிறவன் பெரிய ஆளோடா?"

படங்கு

மேட்டுக்கு மழைதான் முதல் எதிரி. களிமண் ஊறினால் அண்டைக்கு ஆட்டம் இல்லை. அதாலை ஒரு பெரிய படங்கை விரிச்சு, நாலு பக்கமும் மண்மூட்டை வைச்சு மூடவேணும். லண்டன் மழை சொல்லிக்கொண்டு வாறதில்லை எண்டது உங்களுக்குத் தெரியும்.

என்ரை மகள் கோயிலிலை முதல்நன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கின நாள். மண்டபம் முழுக்க ஆக்கள், வெள்ளை உடுப்போடை பிள்ளை, கேக் வெட்டுற நேரம். யன்னலிலை மழைத் துளி விழுறதைக் கண்டன். படங்கு போடேல்லை எண்டு அப்பதான் ஞாபகம் வந்தது. கோட் சூட்டோடை ஓடினன். டெரெக் எங்கை, மெத்தைக்காரன் எங்கை, சம்பளக்காரர் எங்கை? ஒருத்தனும் இல்லை. தனியப் படங்கை இழுத்து மூடிப்போட்டு, தொப்பையா நனைஞ்சு திரும்பி வந்தால் மேசையெல்லாம் துடைச்சாச்சு. என்ரை மனிசி ரஜனி ஒரு துண்டு கேக்கை என்ரை கையிலை வைச்சுப்போட்டுச் சொன்னாள்: "பிள்ளையள் காய்ச்சலிலை கிடக்கேக்கைகூட நீங்கள் இப்பிடிப் போர்த்துவிட்டதை நான் காணேல்லை."

கப் எடுத்த வருசம்

முதல் மூண்டு வருசமும் கொக்குகள் கீழை இருந்து எண்ணினால்தான் தெரியும். நாலாம் வருசம் மிகேல் வந்தான். வெனிசுவேலாக்காரன், பந்து எறியிறவன். மேட்டிலை ஏற முதல் குனிஞ்சு மண்ணைத் தொட்டுச் சிலுவை போடுவான். எறிஞ்சு முடிய, தன்ரை கால் கிளறின பள்ளத்தைத் தானே மிதிச்சு மூடிப்போட்டுத்தான் இறங்குவான். பத்து வருசத்திலை அப்பிடிச் செய்தவன் அவன் ஒருத்தன்தான்! மற்றதுகள் கோழி மாதிரிக் கிளறிப்போட்டு, சூரியகாந்தி விதையைக் கொறிச்சு என்ரை புல்லு முழுக்கக் கோதைத் துப்பிப்போட்டுப் போகுங்கள்.

அந்த வருசம் தோல்வியே இல்லாத மாதிரி ஓடிச்சுது. வேலிக்கு வெளியிலையும் சனம். கடைசியாக் கப்பும் எடுத்தம். அண்டு காலமை பெய்த மழைக்கு, தண்ணியைக் கடற்பஞ்சு வைச்சு ஒத்தி ஒத்தி எடுத்து அந்த ஆட்டத்தை நடத்தினது ஆர்? படம் எடுக்க எல்லாரும் மேட்டைச் சுத்தி நிண்டினம். மிகேல் என்ரை கையைப் பிடிச்சு இழுத்துத் தனக்குப் பக்கத்திலை விட்டான். மெத்தைக்காரன் கப்பைத் தூக்கிக்கொண்டு என்னைத் தலையிலை இருந்து கால் வரைக்கும் பார்த்துப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு சொன்னான்: "ராஜ், நீ கொஞ்சம் தள்ளி நில்லன், உன்ரை சப்பாத்து எல்லாம் மண்."

மண்ணிலைதான் பிழை

கப்பைக் கண்டதும் மெத்தைக்காரனுக்குத் தலைகால் தெரியேல்லை. சனம் மிகேலைப் பார்க்கத்தான் வருது எண்டு, ஓய்வே குடுக்காமல் ஒவ்வொரு கிழமையும் அவனையே எறிய விட்டான். டெரெக் வேண்டாமெண்டு சொல்லிப் பார்த்தார், அவன் கேக்கேல்லை. மூண்டு வருசத்திலை மிகேலின்ரை தோள் பழுதாப் போச்சு. பந்து வேகமில்லாமல் போக, மற்ற அணிக்காரர் கொண்டாட்டமா அடிச்சினம். திரும்பவும் தோல்வி, அதுக்கு மேலை தோல்வி.

கார்த்திக் எண்டு ஒரு தமிழ்நாட்டுப் பெடியன், சொவ்ட்வெயர் வேலை. முந்தி அமெரிக்காவிலை இருந்தவனாம், அதாலை ஒரு ஆட்டமும் விடான். நல்ல பிள்ளைதான், ஆனால் வாயைத் திறந்தால் எனக்கு விசர் பிடிக்கும். ஒரு தோல்விக்குப் பிறகு, நான் வியர்வையிலை ஊறிப் பள்ளம் அடைச்சுக்கொண்டு நிக்கிறன், மெத்தைக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்து போனைக் காட்டுறான். ஒருத்தன்ரை தோளைச் சாகடிச்ச மனிசன் பக்கத்திலையே நிண்டு தலையாட்டுது! கார்த்திக் மரியாதையா, அன்பாத்தான் சொன்னான்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, டேட்டா பார்த்தா உங்க மண்ணுலதான் பிரச்சினை இருக்கு."

தண்ணி

தோத்துத் தோத்துக் கடைசியிலை மெத்தைக்காரனுக்குக் கள்ளப் புத்தி வந்தது. எங்களோடை விளையாட வாற அணியிலை கெதியா ஓடுற ஆக்கள் கனபேர். அவை ஓடுற பாதையிலை விடிய முதல் தண்ணியை விட்டுச் சேறாக்கு எண்டான். ஏலாது எண்டன். அப்ப வேலையும் ஏலாது எண்டான். தண்ணி விட்டன். நாசமாப் போவார், அதே பாதையிலை எங்கட ஆக்களும் ஓடவேணும் எண்டதை அவன் யோசிக்கவே இல்லை. அண்டைக்கு வழுக்கி விழுந்தது முழுக்கக் கொக்குகள். எங்கட ஒருத்தன்ரை முழங்கால் பிரண்டு போச்சு. அவனைத் தூக்கிக்கொண்டு போகேக்கை, சனமெல்லாம் கேக்க மெத்தைக்காரன் என்னைப் பார்த்துக் கத்தினான்: "ராஜ், உனக்கு ஆர் இவ்வளவு தண்ணி விடச் சொன்னது?"

மிகேல் போன நாள்

மிகேலை ஒரு மெசேஜ் போட்டு நிப்பாட்டினாங்கள். நேரிலை சொல்ல ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்லை. சாமான் எடுக்க வந்தவன் டெரெக்கையும் தேடேல்லை, மெத்தைக்காரனையும் தேடேல்லை. நேரா மேட்டுக்கு வந்தான். வலக்கையைத் தோளுக்கு மேலை தூக்க ஏலாமல் இடக்கையாலை சிலுவை போட்டான். எனக்கு வந்தது அழுகையோ கோவமோ எண்டு எனக்கே தெரியேல்லை. போகேக்கை படலையடியிலை நிண்டு சொன்னான்: "ராஜ், நான் எத்தினையோ மைதானத்திலை எறிஞ்சிட்டன், இப்பிடி ஒரு மேடு காணேல்லை, இதை ஆரும் இடிக்க விடாதை."

கடைசி நாள்

குத்தகை முடிஞ்சுது. அணியை மூடுறன் எண்டு மெத்தைக்காரன் சொன்னான். கொக்குகள் அந்த வருசம் கடைசி இடம், கேக்க ஆளில்லை. பூங்காவை முந்தி இருந்த மாதிரி மட்டமாத் திருப்பித் தரவேணும் எண்டு கவுன்சில் சொல்லிப்போட்டுதாம். வேலியெல்லாம் கழட்டியாச்சு. மெத்தைக்காரன் மேட்டைக் காட்டிச் சொன்னான்: "ராஜ், இதை இடிச்சுவிடு, உனக்குத்தான் முன் அனுபவம் இருக்கே."

பத்து வருசமா அடக்கி வைச்சது எல்லாம் அப்ப வெளியிலை வந்தது. "தெரியாமல் ஒருக்கா இடிச்சனான், தெரிஞ்சுகொண்டு இடிக்கமாட்டன்" எண்டன். மிகேலின்ரை தோளைப் பற்றிக் கேட்டன், தண்ணியைப் பற்றிக் கேட்டன், என்ரை சப்பாத்தைப் பற்றியும் கேட்டன். கேட்டுப்போட்டு மண்வெட்டியை அவன்ரை கையிலை திணிச்சு, "நீ இடி" எண்டன். மனிசன் வீம்புக்கு ஓங்கிக் கொத்தினான். இறுகின களி, அசையேல்லை. இன்னொருக்காக் கொத்தினான். பிறகு மண்வெட்டியைப் போட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு குந்தினான். வாழ்நாள் முழுக்கச் சனத்துக்கு மெத்தை வித்த மனிசன் முனகிக்கொண்டு சொன்னது: "ராஜ், எனக்கு முதுகு சரியில்லை."

திருவிழா

பிறகு கவுன்சில்காரன் ஒருத்தன் வந்து பார்த்து, இது தன்ரை பிரிவு இல்லை எண்டுபோட்டுப் போனான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வரேல்லை. மேடு அப்பிடியே நிக்குது. வேலி இல்லாததாலை இப்ப ஆரும் பூங்காவுக்குப் போகலாம், கவுன்சிலிட்டைக் கேட்டுத் திருவிழாவும் வைக்கலாம். மாதா திருவிழாவுக்கு நான் மிகேலையும் கூட்டிக்கொண்டு போனன். என்ரை மேட்டிலை மாதா நிக்கிறா. அண்டைக்குத் தூறல். மேட்டைச் சுத்தி ஆரோ படங்கு விரிச்சிருந்தினம், ஆனால் ஒரு பக்கம் மடிஞ்சு தண்ணி உள்ளுக்கு இறங்குது. நான் வாயிலை வந்தபடி பேசிக்கொண்டு ஓடிப்போய் இழுத்துச் சரியாக்கினன். மிகேல் மண்ணைத் தொட்டுச் சிலுவை போட்டான். ஞானம் அண்ணை குடையோடை வந்து என்ரை தோளிலை தட்டினார்: "பார்த்தியே அருள், இது ஆருக்குக் கட்டின மேடு எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

பத்து வருசத்திலை எத்தினையோ பேர் ஏறி மிதிச்சுக் குறை சொன்ன என்ரை மேட்டிலை, மண் சரியில்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் நிண்டது, மிகேலை விட்டால், மாதா ஒராள்தான்.