என் தலைக்கு விதானையார் கொடுத்த கடிதம்

முப்பத்து மூன்று வயதில் என் முன்னந்தலை மயிர் பின்வாங்கத் தொடங்கியது. யுத்த காலம். ஊரே இடம்பெயர்ந்துகொண்டிருந்தபோது மயிர் மட்டும் ஏன் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நியாயம் நாவற்குடாவில் எடுபடாது. அங்கே ஓர் ஆசிரியையை எனக்குப் பேசியிருந்தார்கள். அவர்களுக்கு அனுப்பிய படம், அடையாள அட்டைக்காக எட்டு வருடத்துக்கு முன் எடுத்தது. சீப்பு உள்ளே போனால் திரும்பி வராத அளவுக்கு அதில் மயிர். பெண்ணின் தாய்மாமன் வந்து என்னைப் பார்க்கவேண்டும். அவர் சரி என்றால்தான் சரி. ஆகவே அவர் வருவதற்குள் முளைத்தாகவேண்டும்.

கையாந்தகரை இலை காய்ச்சிய எண்ணெய் வைத்தேன். தலையணை உறை பச்சையானது. சின்ன வெங்காயம் தேய்த்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் யன்னலோரம் மாறிப்போனார். கடைசியில் காத்தான்குடியில் எல்லோரும் ‘நானா’ என்று அழைக்கும் மருந்துக்கடைக்காரரிடம் போனேன். மினொக்சிடில் என்றொரு திரவத்தை எடுத்து வைத்தார்.

“காலையும் பின்னேரமும் பூசுங்க. முதல்ல இன்னும் கொட்டும், பயந்துராதீங்க. நாலு மாசம் பொறுக்கணும். உச்சியில கொஞ்சம் பிடிக்கும். நெத்தியில ஆசை வைக்காதீங்க, தம்பி.”

“பிடிச்சாப் பிறகு விடலாமா, நானா?”

“விட்டா வந்ததும் போயிரும். ஆயுளுக்கும் பூசணும்.”

விற்கிற பொருளை இவ்வளவு குறைத்துப் பேசிய வியாபாரியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நம்பி வாங்கினேன். அலுவலகத்தில் வேலை கூட என்று மாமனுக்குச் சொல்லியனுப்பி நாளைக் கடத்தினேன். இரண்டு மாதம் போனது. நானா சொன்னதில் முதற்பாதி அப்படியே நடந்தது: இன்னும் கொட்டியது.

அப்போது கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடிக்குப் புதிதாக ஒரு சிப்பாய் வந்தான். கச்சான் காற்று பலமாக வீசிய காலை. காதோரத்திலிருந்து உச்சிக்கு நான் இழுத்துப் பரப்பியிருந்த மயிர் எழுந்து நின்றது. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

“இது நீ இல்ல. இது உன்ட மல்லி.”

எனக்குத் தம்பியே கிடையாது என்று விளக்க அரைமணி நேரமானது. நாளைக்கு, ஊர் அலுவலரான விதானையின் கடிதம் இல்லாமல் பாலத்தைக் கடக்க முடியாது என்று சொல்லிவிட்டான்.

எங்கள் பிரிவுக்கு அந்த வாரம்தான் புது விதானையார் மாற்றலாகி வந்திருந்தார். என் பேரைக் கேட்டு எழுதினார். அப்பாவின் பேரைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டார்.

“நாவற்குடாவுக்குப் படம் அனுப்பினது நீங்கதானே?”

“ஓம்.”

“அந்தப் பிள்ளைக்கு மாமன் நான்தான்.”

கதிரையில் என்னால் முடிந்த அளவுக்குச் சிறுத்தேன். “ஐயா, மருந்து பூசிறன். இன்னும் ரெண்டு மாசத்தில...”

“அரசாங்கக் கடிதத்தில வரப்போற மயிரையெல்லாம் எழுத ஏலாது, தம்பி.”

எழுதினார்: ‘படத்தில் உள்ளவரும் இவரும் ஒருவரே. தலைமயிர் பின்னர் உதிர்ந்தது.’ முத்திரையும் குத்தினார். கடிதத்தை நீட்டும்போது முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. “ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாங்க” என்றார். மறுப்பதை நேரில் சொல்லும் நாகரிகமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமன் வீட்டில் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த ஆசிரியை உள்ளே போகவில்லை.

“பாலத்தில உங்கள ஒவ்வொரு நாளும் காணுறனான். ஒரு கையால தலையப் பொத்திட்டு மற்றக் கையால சைக்கிள் உருட்டிப் போறது நீங்கதானே?”

பொம்பிளைகளின் வரிசை எங்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒப்புக்கொண்டேன். மருந்து பலிக்க இன்னும் இரண்டு மாதமாகும் என்றேன்.

“அதுக்குப் பிறகு?”

“ஆயுளுக்கும் பூசவேணுமாம்.”

“அப்ப கலியாணத்துக்குப் பிறகும் பூசலாந்தானே” என்றாள். “ரெண்டு மாசமெல்லாம் என்னால பொறுக்க ஏலாது.”

பதிலுக்காக மாமனைப் பார்த்தேன். அவர் பஞ்சாங்கத்தில் ஆவணியைத் தேடிக்கொண்டிருந்தார்.