பசியைத் திருப்பிக் கேட்டேன்

1954 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. சாமல்பட்டியில் நான்கு நாளாக விடாத தூறல். என் மனைவி வேடியம்மாள் பதினொன்றாம் நாளாகக் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். விஷக்காய்ச்சல் விட்டுவிட்டது, பசி திரும்பவில்லை. "குடல் ஆறிடுச்சு. இனி எதைக் கேட்டாலும் குடுங்க. சாப்பிடலேன்னா ஒரு வாரம் தாங்காது" என்று டாக்டர் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது.

அடியார்களே, சாப்பாட்டுப் பிரியர்களைக் கண்டால் எனக்கு என்றுமே இளக்காரம்தான். அவளை நலம் விசாரிக்க உறவினர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். "எலும்பா போயிட்டாளே" என்று அழுதுகொண்டே ஐம்பத்திரண்டு இட்லி தின்றார்கள். சட்னியில் காரம் போதவில்லை என்றார் ஒருவர். மனித வாய் அவ்வளவுதான்.

இந்த அருவருப்பில்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தீட்சை வாங்கினேன். வீட்டில் மீனும் கறியும் நின்றுபோயின. அவளை நான் கேட்கவில்லை. அன்று முதல் தினமும் இரண்டு வேளை முருகனிடம் வேண்டினேன்: "இந்த வீட்டில் நாக்கின் ஆசையை அடியோடு ஒழித்துவிடு." ஆனால் மோரில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் நான் முகம் சுளிப்பேன். என் பக்தியின் லட்சணம் அது.

அன்று காலை அவள் கிண்ணத்தைத் தள்ளியபோதுதான் எனக்கு உறைத்தது. பதினாறாயிரம் தடவை கேட்டது அவள்மேல் பலித்துவிட்டது. சுவாமி படத்தின் முன் விழுந்தேன். "முருகா, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள். அவளுக்கு எதன்மேல் ஆசை வந்தாலும் என் கையால் வாங்கி வருகிறேன்."

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கண் திறந்தாள்.

"ஏங்க, நெத்திலிக் கருவாடு வறுத்து ரெண்டு வாய் களி தின்னா தேவலாம்."

"என்னது?"

"காதுல உழலியா? கருவாடு."

போச்சம்பள்ளிச் சந்தைக்குப் பஸ் ஏறினேன். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். கருவாட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமிக்கா, பூனைக்கா?"

"என் சம்சாரத்துக்கு. காய்ச்சல்ல கெடந்தவ."

"அப்ப நல்லதா பாத்துப் போடறேன். தலையக் கிள்ளிட்டு வறுக்கச் சொல்லு சாமி."

திரும்பும்போது பஸ்ஸில் ஏழு பேர் மூக்கைப் பிடித்தார்கள். அதில் இருவர் மடியிலும் அதே பொட்டலம்.

பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் அடுப்பிலேயே, நான் சந்தையில் வாங்கி வந்த புது மண்சட்டியில் வறுத்து, களியும் கிண்டிக் கொடுத்தாள். வேடியம்மாள் நான்கு கவளம் தின்றாள், ஆறு நெத்திலி. விரலை நக்கினாள். எனக்குக் குமட்டியது. வெளியே போய் மழையில் நின்று அழுதேன்.

இப்போது அவள் திடமாக இருக்கிறாள். வாரம் ஒரு நாள் கருவாடு வருகிறது. நான் தொடுவதில்லை, வாங்கி வருவது நான்தான். பட்டினியைப் பெருமையாக நினைக்கும் அன்பர்களே, முருகனை நம்பிக் கேளுங்கள், தருவான். ஆனால் விரதத்தை உங்கள் பேருக்கு மட்டும் கேளுங்கள்.

அவள் பிழைக்க எனக்கு ஆன செலவு: பஸ் போக வர பத்து அணா, நெத்திலி ஆறு அணா, புது மண்சட்டி மூன்று அணா. மொத்தம் ஒரு ரூபாய் மூன்று அணா.