கப்பல் மணி

தெபோராளுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதையும் பிடுங்கிக்கொண்டு, பாய்மரக் கப்பல் மியூசியம் காட்டுகிறேன் என்று கம்பெனி பஸ்ஸில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரையும் அள்ளிப்போட்டு வந்திருந்தார் மேனேஜர் பிரகதீஷ். சர்ச்சும் போச்சு, துணி துவைக்கிறதும் போச்சு என்று கவரைப்பேட்டையிலிருந்தே பொருமிக்கொண்டு வந்தாள் அவள்.

அவள் அம்மா பொன்னேரி வயல்களில் ஆண்டையின் குரலுக்கு ஓடியவள். மகள் பிளாஸ்டிக் கம்பெனியில் மணிக்கு ஓடுகிறாள். மணி அடித்ததும், பெருக்குகிறவர் முதல் மேனேஜர் வரை, கழுத்தில் தொங்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டு போய் வருகை பதிகிற மெஷினில் காட்ட வேண்டும்.

மியூசியத்தில் ஒரு பழைய கப்பல் மணி தொங்கியது. "இதை அடிச்சாதான் கப்பல்ல வேலைக்கு வருவாங்க" என்று சொல்லி, பிரகதீஷ் கயிற்றை இழுத்தார். அத்தனை பெண்களின் கையும் வெறும் கழுத்துக்குப் போனது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"லீவு நாள்லகூட பாருங்க, எப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்" என்று மியூசியத்துக்காரரிடம் பீற்றிக்கொண்டார்.

பழக்கி வைத்திருக்கிறாராம், மாட்டைச் சொல்வதுபோல. தெபோராளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் முதுகைக் காட்டி நின்று போனில் பேசத் தொடங்கியதும், நேராகப் போய் அதே கயிற்றை ஓங்கி இழுத்தாள்.

பிரகதீஷின் பேச்சு பாதியில் நின்றது. அவருடைய இன்னொரு கை சட்டைக் காலரைத் தாண்டி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"கை எங்க கீது பாருங்க சார்" என்றாள் தெபோராள். "உங்கள யாரு பழக்குனது?"