அச்சு இயந்திரத்துக்கு இட்ட அறுகரிசி

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கோலியர்ஸ் வுட்டில் நானும் என் கணவரும் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர், வடிவமைப்பு, தேநீர், ஊர்க்கதை எல்லாம் அவர் பொறுப்பு. இயந்திரம் என் பொறுப்பு. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கக்கூடிய அகலம் அதற்கு. அச்சுத்தலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்வரும்போது ‘ஸ்ர்ர், ஸ்ர்ர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வரும். கடையில் பத்துப் பேர் கூடிக் கத்தினாலும் அது எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் வாயில் வைத்த சோறு எனக்கு இறங்காது.

ஐப்பசியில் குளிர் தொடங்கியிருந்த நேரம், குரோய்டனில் வேலை செய்யும் ஒரு பெண் கடைக்கு வந்தாள். சனிக்கிழமை அவளுக்குக் கலியாணம். தன் போனில் ஒரு படம் காட்டினாள். அவளுடைய பட்டமளிப்பு நாளில் எடுத்தது. அரக்கு நிறச் சேலை உடுத்த தாயும் அவளும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“கலியாண ஹோல் வாசல்ல வைக்கோணும் அன்ரி. என்னெண்டாலும் பெரிசா வேணும்.”

“மாப்பிள்ளையின்ர படம் இல்லையோ பிள்ளை?” என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவள் சொன்னாள். தகப்பன் இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. தாய் தனியாகத்தான் வளர்த்திருக்கிறார். “மாமாவும் மாமியும்தான் தாரை வார்க்கினம். அது பரவாயில்லை அன்ரி. ஆனா அம்மா மேடைக்கே வரமாட்டாவாம். ஒருத்தரும் அவவைத் தடுக்கேல்லை. ‘நான் ஏறக்கூடாது, கீழ இருந்து பாக்கிறன்’ எண்டு அவவாச் சொல்லுறா. அழுதும் பாத்திட்டன், கத்தியும் பாத்திட்டன். சரி, மேடைக்கு வராட்டி வாசல்ல நிக்கட்டும். வாற சனம் முழுக்க அம்மாவைப் பாத்திட்டுத்தான் உள்ள வரோணும்.”

அவளுடைய போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். “நாளைக்குப் பின்னேரம் வந்து எடும்” என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். மேலிருந்து மரங்கள் வந்தன, பிள்ளையின் தொப்பி வந்தது, தாயின் நெற்றி வந்தது. புருவம் தொடங்கும் இடத்தில் இயந்திரத்தின் திரை இருண்டு எல்லாம் நின்றுபோனது. சற்று நேரத்தில், ஒன்றுமே நடக்காததுபோல, தானாகவே உயிர் பெற்று அடுத்த வேலை என்ன என்று கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை சத்தமும் சேர்ந்துகொண்டது. அச்சுத்தலை வலது கரைக்குப் போகும்போதெல்லாம் ‘கறுக்’ என்று எதையோ கடித்தது. தாயின் மூக்கு வரை வந்து மறுபடியும் இருண்டது.

இயந்திரம் விற்ற கம்பனிக்குப் போன் செய்தேன். மின்சாரம் கொடுக்கும் போர்ட் போயிருக்கலாமாம், ஆள் அடுத்த வாரம்தான் வருவாராம். அடுத்த வாரம் வந்து யாருடைய வாசலில் வைப்பது?

என் கணவர் பாதி முகத்தோடு தொங்கிய பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். “இஞ்சேரும், ரெண்டு தரமும் அந்த மனிசியின்ர முகத்திலதான் நிக்குது. சகுனம் சரியில்லைப் போல. பிள்ளையின்ர படத்தை மட்டும் அடிச்சுக் குடுப்பமே?”

நல்ல மனிதர்தான். யோசிப்பதற்கு முன்பே வாய் ஓடிவிடும். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

“ஆருக்குப் புருசன் இருக்கு, ஆருக்கு இல்லையெண்டு மெசினுக்குத் தெரியுமோ? வாயை மூடிக்கொண்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாங்கோ.”

மின்சாரமும் சத்தமும் தனித்தனி நோய்கள் என்று எனக்குப் பட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் தலை சுற்றும். மின்சாரத்தை முதலில் பார்ப்போம் என்று வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது நேராகச் சுவருக்குத்தான் போகவேண்டும். இது அலுமாரிக்குப் பின்னால் திரும்பி, நீட்டு வயர்ப் பெட்டி ஒன்றில் போய் முடிந்தது. அதே பெட்டியில், குளிருக்கு அன்றைக்குத்தான் போட்ட அறைச் சூடாக்கியும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலும் செருகியிருந்தன. எங்கள் இயந்திரமும் பேனரைக் காயவைக்கத் தனக்கென்று ஒரு சூடாக்கி வைத்திருக்கிறது. பிளக்கைத் தொட்டேன், கை சுட்டது. ஒரு பக்கம் சூட்டில் கருகிப் பழுப்பாகியிருந்தது. அறைச் சூடாக்கி விழித்துக்கொள்ளும்போதெல்லாம் இயந்திரத்துக்கு மயக்கம் வந்திருக்கிறது.

அப்படியானால் சுவரில் என்ன செருகியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஆயுத பூசைக்குச் சரஸ்வதி படத்தைச் சுற்றிப் போட்ட விளக்குச் சரம். பூசை முடிந்து ஒரு வாரமாகியும் சிவப்பும் பச்சையுமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

“சுவாமிக்கு வேற இடம் கிடைக்கேல்லை” என்றார் அவர், குரல் கொஞ்சம் இறங்கி.

சரத்தைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சுவரில் செருகினேன். மின்சார ஆளியைப் போடாமல் மூடியைத் திறந்து, காதைக் கிட்ட வைத்துக்கொண்டு அச்சுத்தலையைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். வலது கரையில் தடுக்கியது. டோர்ச்சை அடித்தேன். தண்டவாளத்தில் அரிசி. மஞ்சள் தடவிய முழு அரிசி. அச்சுத்தலையை இழுக்கும் பட்டி ஓடுகிற சில்லுக்கு அடியில் அறுகம்புல் ஒன்று சுருண்டு கிடந்தது.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

பூசையன்று நான் மோதகம் அவிக்கப் போன நேரம், கலியாணப் பொம்பிளைக்குத் தலையில் ஆசி கூறி இடுவதுபோல இயந்திரத்துக்கு அறுகரிசி இட்டிருக்கிறார். அதுவும் மூடியைத் திறந்துவைத்து, உச்சியில்! ஒரு வாரமாக அங்கே கிடந்தது இன்றைக்குத்தான் குலுங்கிக் கீழே இறங்கியிருக்கிறது.

“நல்லாயிருக்கட்டும் எண்டுதான் போட்டனான்.”

“இப்ப சொல்லுங்கோ, சகுனப்பிழை ஆராலை? அந்த மனிசியாலையோ, உங்கட அறுகரிசியாலையோ?”

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு டோர்ச்சைப் பிடித்தபடி நின்றார். நான் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய, இந்த மனிதரோடு நெடுநேரம் கோபமாக இருக்கவும் முடிவதில்லை. தண்டவாளத்தைத் துடைத்து, மூடியைப் பூட்டி, மூன்றாம் முறை தொடங்கினேன். ஸ்ர்ர், ஸ்ர்ர். நெற்றி வந்தது, புருவம் வந்தது, மூக்கைத் தாண்டி அந்தச் சிரிப்பும் வந்தது. எனக்கு இருந்த சந்தோசத்தில் அவருக்கும் சேர்த்துத் தேநீர் போட்டேன்.

பின்னேரம் பிள்ளை வந்தாள். தாய் காரில் இருப்பார் என்று நினைத்திருக்கிறாள். அவர் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். மேசையில் விரித்திருந்த பேனரை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த அம்மா தன் முகத்தைத் தானே குனிந்து பார்த்தார். “இதை எங்க வைக்கப் போறாய்?”

“ஹோல் வாசல்ல.”

“எல்லாரும் பாப்பினமே.”

“பாக்கட்டும்.”

“பாத்தியளே தங்கச்சி இவளின்ர வேலையை” என்று என்னிடம் சொன்னார். அவர் பேனரின் ஓரத்தை நீவிவிட்டார். பிறகு, “வாசல்ல இவ்வளவு பெரிசாச் சிரிச்சுக்கொண்டு நிண்டுபோட்டு, உள்ள மூலையில போய் ஒளிச்சிருந்தா சனம் என்ன நினைக்கும்?” என்றார்.

“அம்மா?”

“மாமாவிட்டைச் சொல்லு. தாரையை அவர் வார்க்கட்டும். நான் உனக்குப் பக்கத்தில நிப்பன்.”

பிள்ளை கடையின் நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன். பேனரைச் சுருட்டிக் காருக்குக் கொண்டுபோனவர் என் கணவர். கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி அந்த அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு வாசல்வரை கேட்டது.

“மேடையில முன்னுக்கு நில்லுங்கோ அக்கா. பின்னுக்கு நிண்டா படத்தில முகம் விழாது.”