பூட்டில்லாத மழைமானி

மழைமானியைத் திறந்த வெளியில் வைக்க வேண்டும். சுற்றி வேலி போட வேண்டும். வேலிக்குக் கதவும் கதவுக்குப் பூட்டும் இருக்க வேண்டும். சாவி அளவெடுப்பவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். விதி இவ்வளவு தெளிவானது. எங்கள் தோட்டத்து மழைமானிக்குத் திறந்த வெளி இருந்தது, வேலி இருந்தது, கதவு இருந்தது, பூட்டை மாட்டக் கொண்டிகூட இருந்தது. பூட்டு மட்டும் இல்லை. அதைக் கேட்டு என் அப்பா மேலாபீசுக்கு மூன்று விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தார். சந்தையில் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாமே என்பவர்களுக்கு, அரசாங்கச் சொத்துக்குச் சொந்தப் பூட்டுப் போடக் கூடாது என்ற இன்னொரு விதி தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் சற்று மேற்கே, நிலக்கடலையும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு. அப்பா விவசாயி. மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்காக மழைமானி அவர் தலையில் விழுந்தது. தினமும் காலை எட்டரை மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளேயிருக்கும் சீசாவை எடுத்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாவிட்டால் பூஜ்யம் எழுத வேண்டும். எனக்கு ஒன்பது வயதான அந்த ஆண்டு அப்பா எழுதியதெல்லாம் பூஜ்யம்தான். கோடை மழை வரவில்லை. இடவப்பாதிக்கு, அதாவது ஜூன் பிறக்கையில், வரவேண்டிய பருவமழையும் வரவில்லை. கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது.

தண்ணீர் வற்றினால் எங்கள் பக்கத்தில் மாடுகளை ஒறம்பரை வீட்டுக்கு, அதாவது வாய்க்கால் பாசனமுள்ள உறவுக்காரர் ஊருக்கு, ஓட்டிவிடுவார்கள். மழை பெய்ததும் திருப்பி ஓட்டிவருவார்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாமா வந்து எங்கள் இரண்டு பசுக்களையும் கன்றையும் அவிழ்த்தபோது அம்மாவும் துணிமூட்டையோடு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, நீங்களும் புள்ளையும் வாங்க. இங்க இருந்து எதைக் காக்கப் போறீங்க?"

"நான் வந்துட்டா மழைமானிய ஆரு பாக்கறது?"

"பெய்யாத மழைய என்னத்தப் பாக்கறது?"

"பெய்யலைன்னும் எழுதோணும் புள்ள."

"அப்ப எழுதீட்டே இருங்க. மழ பேஞ்சா ஒரு கடுதாசி போடுங்க. அன்னைக்கே மாட்டை ஓட்டிட்டு வந்தர்றேன்."

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்பதால் நான் ஊரிலேயே நிறுத்தப்பட்டேன். அப்பாவுக்கு நான் துணையா, எனக்கு அப்பா துணையா என்பதை யாரும் தெளிவுபடுத்தவில்லை.

அதன்பிறகு நான் மழைக்குக் காத்திருந்ததுபோல் வாழ்க்கையில் வேறெதற்கும் காத்திருந்ததில்லை. பதவி உயர்வு உட்பட. சாயங்காலமானால் மேற்கே மேகம் கறுக்கும். மலைக்கணவாய் வழியாக வேறு யாருடைய மண்ணோ நனைந்த வாசம் காற்றில் வரும். வாசம் மட்டுமே வரும். பாலக்காட்டிலிருந்து வரும் பேருந்தின் மேலே மூட்டைகளை மூடிய தார்ப்பாய் சில நாட்களில் ஈரமாக இருக்கும். அதன் மடிப்பிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நானும் மற்றப் பிள்ளைகளும் கையை நீட்டுவோம். மற்றவர்கள் அதைத் தலையில் தடவிக்கொள்வார்கள். நான் வீடுவரை உள்ளங்கையில் மூடி எடுத்துவருவேன். வந்து திறந்தால் ஒன்றும் இருக்காது. காலியான மாட்டுக்கொட்டகையில், அம்மா பால் கறக்க உட்காரும் பலகைமேல் போய் உட்கார்ந்துகொள்வேன்.

மழை பெய்தால் கடிதம் போவதில்லை என்பதை அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். சீசாவில் தண்ணீர் இருந்தால்தான் கடிதம் போகும். இந்த நுட்பத்தைப் பிற்காலத்தில் என் அலுவலகத்தில் பலர் ஓய்வு பெறும்வரை புரிந்துகொள்ளவில்லை.

வாரம் இரண்டு முறை தண்ணீர் லாரி வரும். அந்தத் தண்ணீரில், காலையில் குடிக்க எனக்கு இரண்டு டம்ளர் என்று அப்பா வகுத்திருந்தார். ஒருநாள் ஒரு டம்ளரை மட்டும் குடித்தேன். அப்பா சாலையோரக் குழாயில் வரிசைக்குப் போயிருந்தபோது கொண்டியைத் தள்ளி உள்ளே போய், இன்னொரு டம்ளரைச் சிந்தாமல் புனலில் ஊற்றினேன்.

எட்டரைக்கு அப்பா சீசாவைத் தூக்கினார். அப்படியே நின்றார். வானத்தைப் பார்த்தார். காலடியில் பொரிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். குவளை சிறியதாகையால் இரண்டு தடவை அளந்தார். பதிவேட்டை எடுத்துப் பதினாறு மில்லிமீட்டர் என்று எழுதினார். மேலாபீசுக்கு ஒரு கார்டு எழுதினார். அம்மாவுக்கும் ஒன்று எழுதி, பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வழியில் படித்தேன். "மழை பதினாறு மில்லிமீட்டர்" என்பதைத் தவிர அதில் ஒரு வார்த்தை இல்லை.

அன்றே பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, பதனாறாமா? எங்க காட்டுல ஒரு துளி உளுகலை. மழை உங்கூட்டுக்கு மட்டும் விருந்துக்கு வந்துட்டுப் போச்சாக்கும்?"

"அளவு அப்பிடித்தானுங்க காட்டுது" என்றார் அப்பா.

அம்மா அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்திருக்க வேண்டிய தண்ணீர் லாரி எங்கள் ஊரில் நிற்காமல் போனது. குறுக்கே ஓடி மறித்தவர்களிடம் டிரைவர் ஒரு தாளைக் காட்டினார். "லிஸ்ட்டில் நிங்கள்டெ ஊரில்லா. இவிடெ மழ பெய்தல்லோ."

பெண்கள் வெறுங்குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் குடத்தைத் திண்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பதனாற இதுல ஊத்துங்க, போறோம்."

அவர்கள் போன பிறகு அப்பாவிடம் போனேன். "அப்பா, அன்னைக்கு நாந்தான்…"

"அம்மிணி, சைக்கிள் பம்பை எடுத்துட்டு வா, போ" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். காற்றடித்துக்கொண்டு தாலூகா ஆபீசுக்குப் போனார். இரண்டு நாளில் லாரி வந்தது. அதிலேயே ஒரு பியூனும் வந்து இறங்கினார். புனல், சீசா, குவளை, பதிவேடு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வேலியையும் கதவையும் விட்டுவிட்டார்.

மறுநாள் எட்டரைக்கு அப்பா அந்தக் கதவருகே போய்ச் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து வீட்டைச் சாத்தி, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிழக்கே மிதித்தார்.

மாமா வீட்டில் அம்மா கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மழ பேஞ்சுதுங்களா?"

"இல்ல."

"தெரியும். காத்துல ஈரமே இல்லையே." இடுப்பிலிருந்து அந்தக் கார்டை எடுத்தாள். நாலாக மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "பொய் எழுதற ஆளில்லையே, எதுக்கு எழுதியிருக்காருன்னு தெனமும் எடுத்துப் பாத்துட்டிருந்தேன்."

அப்பா கன்றின் கழுத்தைத் தடவினார்.

"மழைமானிய ஆரு பாக்கறாங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "சேரி, கையக் கழுவுங்க. சோறு திங்கலாம்."

நான் ஒரே டம்ளர் தண்ணீரில் அப்பாவை ஏமாற்றிவிட்டதாகவும், அதற்காக அவருக்கு வேலை போய்விட்டதாகவும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதே தாலூகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபின், அழிக்க வேண்டிய பழைய கோப்புகளைப் பிரிக்கையில் அப்பாவின் கையெழுத்து கண்ணில் பட்டது. "அன்றைய அளவு என் கைப்பிழை. வேலிக்குள் வேறு யாரும் நுழையவில்லை." பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று விண்ணப்பங்களின் நகல்களும் அவரிடம் இருந்தன. நானாக இருந்தால் இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்து, குற்றத்தை மேலாபீசின் மேலேயே சுமத்தியிருப்பேன். அந்தக் காலையில் மண்ணையும் என்னையும் பார்த்துவிட்டு, தெரிந்தேதான் பேனாவைத் திறந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் ஒரு டம்ளர் அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

மாமா வீட்டிலேயே நாட்கள் போயின. என் பள்ளிக்கூடம்கூட ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிறகு ஒரு காலையில் மேற்கே இடித்தது. அம்மா யாரையும் கேட்காமல் மாட்டை அவிழ்த்தாள். சோதனைச் சாவடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கன்றையும் சேர்த்து எல்லோரும் நனைந்துகொண்டே நடந்தோம். வீட்டுக்கதவின் கீழே தபால்காரர் அப்போதுதான் செருகிய ஓர் அரசாங்க உறை கிடந்தது. அப்பா பிரித்து வாசித்தார். மழைமானி வேலிக்குப் பூட்டு ஒன்று, சாவி இரண்டுடன், அனுமதிக்கப்பட்டிருந்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெய்தது என்பதற்கு எங்கள் ஊர்ப் பதிவேட்டில் அளவில்லை. தேதி மட்டும் எனக்குத் தெரியும், அந்த உறையின் பின்பக்கத் தபால் முத்திரையில் இருந்தது: ஜூலை பதினேழு.