ஏரிக்குப் போகாத ஐஸ்பெட்டி

இரண்டு கை தவிட்டை முற்றத்தில் வீசிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குந்தியாயிற்று. வலது கையில் பஞ்சு சுற்றிய குச்சி, இடது கையில் மூடி திறந்த சிறு குப்பி. இனி வாத்துகள் மனது வைக்க வேண்டும். அவையோ தவிட்டைத் தின்கின்றன, தண்ணீர் குடிக்கின்றன, ஒன்றையொன்று கொத்துகின்றன; கேட்டதை மட்டும் தர மாட்டேன் என்கின்றன. "அவசரப்படுத்தக் கூடாது. அதுக்கும் தோணணும்ல?" என்பார் அவர். கால்நடைத் துறையின் கள உதவியாளர் என்றால் நிதானம் வேண்டாமா?

தோளில் எந்நேரமும் தொங்கும் நீலப் பெட்டியால் ஊரில் அவருக்கு ஐஸ்பெட்டிக்காரர் என்று பெயர். வந்த புதிதில் தெருவில் யாரோ குச்சி ஐஸ் கேட்டுவிட்டார்கள். "இதுல இருக்கிற குச்சியை வாயில வச்சா நேரா மேலதான்" என்றார். அந்த ஒரே நகைச்சுவையை ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லி, ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகச் சிரித்தும் வருகிறார்.

அவர் வேலை இதுதான். குளிர் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் காட்டு வாத்துகள் ஊர்க்கோடி ஏரியில் இறங்கும். அவற்றில் சில பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமந்து வரும். தமக்கு ஒன்றும் ஆகாமல் எச்சத்தோடு அதை இறக்கிவிட்டுப் போய்விடும். ஏரிச் சேற்றில் அந்த எச்சத்தைத் தேடி, குச்சியால் தொட்டு, குப்பியில் போட்டு, வாரம் இருபது குப்பிகளைப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஊர்க் கோழிகளுக்கும் மனிதர்களுக்கும் நோய் பரவும் முன்பே ஏரியில் வைத்து மடக்கிவிடலாம் என்பது திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஏரியில்தான் சேறு இருந்தது.

முதல் ஆண்டு இறங்கத்தான் செய்தார். முழங்கால்வரை புதைந்து, மேலே வரும்போது ஒரு காலில் பூட்ஸ் இல்லை. அது அரசாங்கத்து பூட்ஸ். ஜோடியில் ஒன்று மட்டும் எப்படித் தொலையும் என்று மேலிடம் கேட்க, மூன்று பக்க விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. காட்டு வாத்துகள் மீது அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. "எங்கேருந்தோ வந்து நம்ம உயிரை வாங்குதுங்க" என்று இப்போதும் முணுமுணுப்பார்.

கரையோரம் அவருடைய தங்கை வீடு. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அறுபது வாத்துகளை வைத்து முட்டை விற்றுத்தான் அவள் பிழைக்கிறாள். வாத்துகள் காலையில் ஏரிக்குப் போகும், பிற்பகலில் வரிசையாக வீடு திரும்பும். அண்ணனுக்குப் பொறி தட்டியது. "அதுங்களும் அந்தக் காட்டு வாத்துங்களோடதான மேயுது? அந்தத் தண்ணியத்தான குடிக்குது? ஏரியே வயித்துக்குள்ள உட்கார்ந்து வீட்டுக்கு வருது. நான் எதுக்கு ஏரிக்குப் போகணும்?" பெரிய பெரிய படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அவர் சோம்பலாலேயே கண்டுபிடித்துவிட்டார். ஏரியில் இருப்பது வீட்டுக்கு வருமானால் ஏரி நோயும் வீட்டுக்குத்தானே வரும் என்ற மறுபாதிக்கு மட்டும் அவர் மண்டையில் இடம் கிடைக்கவில்லை.

குப்பிமேல் ஒட்டும் சீட்டில் எந்தப் பறவை என்று எழுத வேண்டும். அலுவலகச் சுவரில் காட்டு வாத்து வகைகளின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்து முறை வைத்து எழுதுவார். இந்த வாரம் ஊசிவால் வாத்து எட்டு, கிளுவை ஏழு, தட்டைவாயன் ஐந்து. அடுத்த வாரம் மாற்றிப் போடுவார். "எதையும் விட்டுடக் கூடாது பாருங்க, பாவம்." நொண்டியபடி வரும் ஒரு வெள்ளை வாத்து, கோப்புகளின்படி, பனிமலை தாண்டிப் பதினேழு முறை வந்து போயிருக்கிறது. உண்மையில் அதனால் வாசல்படி தாண்ட முடியாது. கையெழுத்தோ, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. முடிவும் வாரா வாரம் "தொற்று இல்லை" என்றே வந்தது. போன வருடம் சிறந்த களப்பணிக்காகப் பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

சென்ற வாரம் தங்கை வீட்டு வாத்துகளில் இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றின. "வெயில்தாண்ணே" என்றாள் தங்கை. அவரும் தலையாட்டிவிட்டு, முதல் குச்சியை அவற்றுக்குப் பின்னால்தான் வைத்தார். தண்ணீராகப் போவது பஞ்சில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் கிளம்பிவிடலாம்.

வியாழக்கிழமை முற்பகலில் துறையின் மருத்துவரம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"உங்க குப்பி ரெண்டுல பாசிட்டிவ். ஒன்பது வருஷத்துல முதல் தடவை! டைரக்டரே உங்களை விசாரிச்சார்."

"சந்தோஷம் மேடம்" என்றுதான் முதலில் வாயில் வந்தது. பாராட்டு வாங்கிப் பழகிய வாய்.

"நல்ல வேளை, ஏரிப் பறவையோட போச்சு. வீட்டு வாத்துல வந்திருந்தா ஒண்ணு விடாம அழிக்கணும். வீட்டு ஆளுங்களை ஆஸ்பத்திரியில தனியா வச்சு மருந்து குடுக்கணும். மனுஷனுக்கு ஒட்டிச்சுன்னா அவ்வளவு லேசுல விடாது. இப்போ கரையில எச்சரிக்கைப் பலகை வச்சாப் போதும். மூணு மணிக்கு வர்றேன். மாதிரி எடுத்த இடத்தைக் காட்டுங்க."

தொலைபேசியை வைத்தபின் அவர் நெடுநேரம் அந்தச் சுவர்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் பாராட்டு, திறந்தால் வேலைக்கே உலை. பிறகு அலமாரியிலிருந்து பாதுகாப்பு உடைப் பொட்டலத்தை எடுத்தார். ஒன்பது ஆண்டுகளாக ஒட்டுப் பிரிக்காதது. முதல் முகக்கவசத்தின் நாடா தொட்டதும் அறுந்தது, இரண்டாவது கவசம் தாங்கியது.

முற்றத்தில் வெள்ளை உடையில் வந்து நின்ற அண்ணனைப் பார்த்துத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னண்ணே, நிலாவுக்குக் கிளம்பிட்டியா?"

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"கண்ணுல என்ன?"

"தூசி விழுந்துடுச்சு. நேத்துலேர்ந்து உடம்பும் கொஞ்சம் கதகதன்னு இருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சுத்திக்கிட்டிருந்த வாத்துங்க?"

"காலையில ரெண்டும் போயிடுச்சு. தூக்கிட்டுப் போய்ப் புதைச்சுட்டேன்."

"வெறுங்கையாலயா?"

"பின்னே, உன்னை மாதிரி கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டா புதைப்பாங்க?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏண்ணே இப்படி இருக்க? நீதான் வாரா வாரம் பாக்குறியே. ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லாமலா இருப்ப? ஊர்ல யாரு கேட்டாலும், எங்கண்ணன் பாத்துக்கிறான்னுதான் சொல்லி முட்டையைக் குடுக்கறேன்."

அவர் கட்டியிருந்த முகக்கவசத்தை அவிழ்த்து, தயாராக இருந்த ஏதோ ஒரு பொய்யை விழுங்கிவிட்டு, அவள் முகத்தில் கட்டினார். "எனக்கெதுக்கு இது?" என்று அவள் அதைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள். அதற்குள் ஏரிக்கரையில் ஜீப் ஒலியெழுப்பியது.

"உள்ள போய் உக்காரு. வாத்துங்க பக்கம் போகாத. முட்டையத் தொடாத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கரையில் மருத்துவரம்மா நின்றிருந்தார். கூட வந்த இருவர் சிவப்பு எழுத்துப் பலகையையும் கடப்பாரையையும் வைத்துக்கொண்டு, எங்கே குத்துவது என்று காத்திருந்தார்கள். எதிரே ஏரி முழுக்கப் பறவைகள். ஊசிவாலும் கிளுவையும் தட்டைவாயனும் ஐஸ்பெட்டிக்காரரை முதன்முறையாகப் பக்கத்தில் பார்த்து, கொஞ்சம் தள்ளிப் போய் மிதந்தன.

"அருமையான வேலை. எந்த இடத்துல எடுத்தீங்க? கையைக் காட்டுங்க, பலகையை நட்டுடலாம்" என்றார் மருத்துவரம்மா.

ஐஸ்பெட்டிக்காரர் தோளிலிருந்த பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தார். ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தங்கை வீட்டு முற்றத்தைப் பார்த்துக் கையை நேராக நீட்டினார்.

உள்ளே போகச் சொன்னவள் போகாமல் வாத்துகளின் நடுவில்தான் நின்றிருந்தாள். அண்ணன் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள்.