இடது தோளில் ஒரு தழும்பு

எனக்கு எண்பத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவள் சாந்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் இங்கே ரொறன்ரோவில் ஒரு கல்லூரியில் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். இரசாயனமும் ஆங்கிலமும் கேட்டார்கள், இரண்டிலும் நல்ல புள்ளிகள். கடைசியாகக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஒரு ஊசி போட்டார்கள். இரண்டொரு நாளில் அந்த இடம் வடை போல வீங்கிவிட்டது. காசநோயாக இருக்கலாம், இடம் தர முடியாது என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சொல்லிவிட்டாள். பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டது.

எனக்கு ஆங்கிலம் வராது. என்றாலும் மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லூரியில் ஒரு மூத்த தாதி வந்தார். நான் சாந்தியின் சட்டைக் கையைத் தோள்வரை இழுத்துவிட்டேன். காசநோய் வராமல் ஊரில் பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசியின் தழும்பு இடது தோளில் இருந்தது.

"அம்மா, சனம் பாக்குது!"

"பாக்கட்டும். களவெடுத்த தழும்பே உது? ஊரிலை போட்ட ஊசியெண்டு சொல்லு."

சாந்தி சொன்னாள். அந்தத் தாதி சிரித்துக்கொண்டே தன் சட்டைக் கையை உயர்த்தினார். அதே வட்டத் தழும்பு! இங்கிலாந்தில் போட்டதாம். அந்த ஊசி போட்டவர்களுக்கு இந்தச் சோதனையில் கை வீங்கக்கூடும் என்று சொல்லி, உடனே நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார். படத்தில் ஒரு குறையும் இல்லை. இடம் கிடைத்தது.

படிப்பு முடிந்த விழாவில் எல்லாரும் அவளுடைய வெள்ளைத் தொப்பியைப் பார்த்தார்கள். நான் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாந்தியின் மகள் ஆரணி பக்கத்தில் இருக்கிறாள். பிள்ளை, நான் எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. கொம்மாவின்ரை தோள் வாற இடத்திலை மெல்ல வாசி.